கதவில் தொங்கும் பச்சை மிதப்பு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நான் கட்டியெழுப்பியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில், சேறும் கண்டல் வேரும் தவிர ஒன்றுமில்லாத இடத்தில், படகு திருத்தும் வேலைத்தளம் ஒன்றைக் கட்டினேன். படகுகளை இழுத்து ஏற்றப் பழைய தண்டவாளத் துண்டுகளைப் புதைத்துச் சாய்தளம் போட்டேன். படித்த பொறியியலாளர் ஒருவர் வந்து பார்த்து, இது ஒரு மாரிக்குத் தாங்காது என்றார். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், சாய்தளம் நிற்கிறது. கூரை இரண்டு தரம் பறந்தது. மூன்றாவது தரம் நான் போட்ட கூரை இன்னும் பறக்கவில்லை. சண்டைக் காலத்தில் கடலுக்குப் போக விடாமல் மாதக்கணக்கில் மறித்து வைத்திருந்தார்கள். அப்போதும் என்னிடம் வேலை செய்த ஒருவரையும் வீட்டுக்குப் போ என்று நான் சொன்னதில்லை. மர வள்ளம் மட்டுமே தெரிந்த கைகளுக்கு ஃபைபர் படகு ஒட்டப் பழக்கியதும், இரண்டு மொழியும் மூன்று சமயமும் உள்ள ஆட்களை ஒரே கூரைக்குள் வேலை செய்ய வைத்ததும் நான்தான்.

கடல் ஊருக்குள் வந்த வருடம் என் வீட்டின் நாலு சுவரும் போயின. முன்கதவு மட்டும் நிலையோடு நின்றது. வீடில்லாத கதவைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? கழற்றிக்கொண்டு போய் வேலைத்தளத்தின் தூணில் சாய்த்தேன். இந்தக் கதை அந்தக் கதவைப் பற்றியது.

அந்த வருடம் உடைந்த படகுகள் மலைபோல் வந்து குவிந்தன. எல்லோருக்கும் அவசரம். காலையில் ஒருவன் வந்து அழுவான், அவனுடைய படகில் கை வைப்போம். மத்தியானம் இன்னொருவன் வந்து சத்தம் போடுவான், முதல் படகைப் பாதியில் விட்டு அவனுடையதுக்குப் போவோம். எல்லாம் தொடங்கியிருக்கும், ஒன்றும் முடிந்திருக்காது. எழுதி வைக்கலாம் என்றால் என் எழுத்து எனக்கே விளங்காது. வேலையாட்களில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது.

ஒரு காலை அந்தக் கதவில் இரண்டு கோடு கீறி மூன்றாகப் பிரித்தேன். இடப்பக்கம் காத்திருக்கும் படகுகள், நடுவில் நாங்கள் கை வைத்திருப்பவை, வலப்பக்கம் முடிந்தவை. படகுக்கு அடையாளமாக அதன் சொந்தக்காரர் தன் வலையிலிருந்து ஒரு மிதப்பைக் கொண்டுவந்து, படகின் நிறத்தை அதில் பூசி, இடப்பக்க ஆணியில் கொழுவ வேண்டும். நடுவில் நாலே நாலு ஆணிதான் அடித்தேன். ஒரு மிதப்பு வலப்பக்கம் போனால்தான் அடுத்தது நடுவுக்கு வரலாம். யார் அழுதாலும் ஐந்தாவது ஆணி கிடையாது. இடப்பக்கத்தில் எது முந்தி வந்ததோ அதுதான் முதலில் எடுக்கப்படும். ஏதாவது காரணத்தால் ஒரு வேலை நின்றால், அந்த மிதப்பில் சிவப்புத் துணி கட்டப்படும். துணி கட்டியவரைத் தவிர வேறொருவரும் அதை அவிழ்க்கக் கூடாது.

ஒவ்வொரு காலையும் பால் விடாத பிளேன்டீயைக் கையில் பிடித்தபடி எல்லோரும் கதவுக்கு முன்னால் நிற்போம். இருக்க விடமாட்டேன், இருந்தால் கதை நீளும். நேற்று எதை முடித்தாய், இன்று எதில் கை வைக்கிறாய், உன்னை மறிப்பது எது. மூன்று கேள்வி, அவ்வளவுதான். தேத்தண்ணி முடிய முந்திக் கூட்டம் முடிந்துவிடும்.

படகுக்காரர்கள் வந்து என்னைத் தேட வேண்டிய அவசியமில்லை. வீதியில் நின்றே கதவைப் பார்ப்பார்கள். தங்கள் மிதப்பு வலப்பக்கம் தொங்கினால் அதைக் கழற்றிக்கொண்டு, படகைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கதவு சொன்னால் நான் சொன்ன மாதிரி. அந்த நம்பிக்கையை உண்டாக்கியவன் நான்.

போன வருடம் என் மகள் வேலைத்தளத்தைப் பொறுப்பெடுத்தாள். கொழும்பிலிருந்து வேலை ஒழுங்கு பழக்கும் பயிற்சியாளர் ஒருவரைக் கூட்டிவந்தாள். நல்ல மனிதர், சப்பாத்தில் சேறு பட்டாலும் முகம் சுளிக்கவில்லை. கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஐயா, இதைக் கன்பான் எண்டு சொல்லுவினம். வேலையைப் பலகையில காட்டுற ஜப்பான்காரன்ர முறை."

"ஜப்பான்காரன் எப்ப வந்து என்ர கதவைப் பாத்தவன்?"

மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"காலையில நிண்டுகொண்டு கதைக்கிறியள்தானே, அதுக்கும் ஒரு பேர் இருக்கு ஐயா."

"அதின்ர பேர் எனக்குத் தெரியும். பிளேன்டீ."

அவர் கதவில் இருந்ததையெல்லாம் சுவரில் மாட்டிய பெரிய திரைக்கு மாற்றினார். ஒவ்வொரு மிதப்புக்கும் ஒரு நிறப் பெட்டி. ஒவ்வொரு பெட்டியின் கீழும், அந்த வேலை எத்தனை நாளாகக் காத்திருக்கிறது என்று ஓர் எண். பழைய படகுகளின் வரவை, பள்ளிக்கூடக் காலத்தில் மகள் நிறத்தையும் தேதியையும் மட்டும் எழுதிவைத்த கொப்பிகளிலிருந்து எடுத்தார். எல்லாப் பெட்டியிலும் ஒரு இலக்கம், மிஞ்சினால் இரண்டு இலக்கம். இடப்பக்கத்தின் உச்சியில் இருந்த பச்சைப் பெட்டியில் மட்டும் நாலு இலக்கம். அது சிவப்பாக மின்னியது.

"ஐயா, வரிசையில முதலாவதா நிக்கிறது இதுதான். இவ்வளவு நாளா ஏன் ஒருத்தரும் கை வைக்கேல்லை? ஆரின்ர போட் இது?"

மகள் தெரியாது என்று தலையாட்டினாள். வேலையாட்கள் கீழே பார்த்தார்கள். நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சாய்தளத்துப் பக்கம் போனேன்.

அது சாம்பல்தீவுக்காரர் ஒருவரின் படகு. பச்சையில் வெள்ளைக் கோடு. அதிகம் பேசாத மனிதர். இயந்திரம் பூட்டும் பின்பலகை உக்கிப்போயிருந்ததால் கொண்டுவந்தார். அந்த வேலையை எடுத்தவர் என் ஃபைபர் மேசன், கிண்ணியாவைச் சேர்ந்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் எல்லோரும் அவரை நாநா என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் கரையில் அவரைப் போல் ஒட்டுபவர் இல்லை. நான் பழக்கினேன் என்று மேலே எழுதினேன். நாநாவை நான் பழக்கவில்லை. அவர்தான் எனக்குப் பழக்கினார்.

பழைய பலகையை வெட்டியெடுத்து, புதிதை வைத்து, கண்ணாடி நார்ப் பாயையும் பசையையும் மாறி மாறிப் படையாகப் போட்டார். அது வாடைக் காலம், ஈரக்காற்று. பசை இறுக நாள் எடுக்கும்.

"முதலாளி, மூணு நாளைக்கு இதில இஞ்சின் பூட்டப்படாது. மேலால தொட்டாக் காஞ்ச மாதிரித்தான் இருக்கும். உள்ளுக்குப் பச்சை."

அப்படிச் சொல்லி மிதப்பில் சிவப்புத் துணியைக் கட்டினார். அது வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை வெளியூரிலிருந்து ஒரு குழு எங்கள் கதவைப் பார்க்க வந்தது. எழுத்து வாசனை இல்லாத ஒருவன் ஒரு கதவை வைத்து வேலைத்தளத்தை நடத்துகிறான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்து போயிருந்தது. வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கதவுக்கு முன்னால் வந்து நின்றபோதுதான் பார்த்தேன். நடுவில் நாலு ஆணியில் ஐந்து மிதப்பு. ஒரு ஆணியில் இரண்டு தொங்கியது.

நான் செய்ததுதான். முதல்நாள் எனக்கு வேண்டிய ஒருவர் வந்து நின்றார். முகத்துக்கு மறுக்க முடியாமல் அவருடைய படகை இடையில் செருகிவிட்டேன். நாலுக்கு மேல் கூடாது என்பதுதான் அந்தக் கதவின் உயிர். அதைத்தான் அவர்களுக்குப் பெருமையாகச் சொல்லப்போகிறேன். வாகனச் சத்தம் கேட்டது. ஒன்றை எடுக்க வேண்டும். இடப்பக்கம் கொழுவினால், பாதி வேலையோடு ஏன் திரும்பிப் போனது என்று கேட்பார்கள். பச்சை மிதப்பு கைக்குக் கிட்ட இருந்தது. சட்டைப் பையிலிருந்த மடக்குக் கத்தியால் சிவப்புத் துணியை வெட்டிக் கீழே போட்டுவிட்டு, மிதப்பை வலப்பக்கம் கொழுவினேன். அவர்கள் போனதும் திருப்பி வைக்கலாம் என்று நினைத்தேன். ஒரு மணித்தியாலம்தானே.

அவர்கள் படம் எடுத்தார்கள். கைதட்டினார்கள். சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்கள். துறைமுகத்தைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். என்னைப் பற்றி நானே சொல்லச் சொல்ல நேரம் போனது தெரியவில்லை. நாநா ஜும்மாத் தொழுகைக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு அரைநாள். மற்றவர்களும் கலைந்துவிட்டார்கள்.

பின்னேரம் சாம்பல்தீவுக்காரர் தன் மைத்துனனோடு வந்திருக்கிறார். வீதியில் நின்று கதவைப் பார்த்திருக்கிறார். மிதப்பைக் கழற்றி, படகை இறக்கி, இயந்திரத்தைப் பூட்டி, வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறார். உள்துறைமுகத்துக்குள் தண்ணீர் எண்ணெய் மாதிரிக் கிடக்கும், படகுக்கு ஒன்றும் தெரியாது. குடா வாயைத் தாண்டி, கோயில் மலையைச் சுற்றி வடக்கே திரும்பும் இடத்தில்தான் வாடைக் கடல் எழும்பும். மூன்றாவது அலையிலோ நாலாவது அலையிலோ பின்பலகை இயந்திரத்தோடு கழன்று போனது என்று மைத்துனன் பிறகு சொன்னான். அவன் எண்ணெய்க் கலனைப் பிடித்துக்கொண்டு பாறையில் ஒதுங்கினான். அவர் வரவில்லை. தேடினோம். எல்லாக் கரையிலிருந்தும் படகு போனது. அவர் வரவேயில்லை.

சனிக்கிழமை காலை நான் வேலைத்தளத்துக்குப் போகும் முன்னமே கதை போயிருந்தது. தொழுகைக்கு ஓடுகிற அவசரத்தில் நாநா மிதப்பை மாற்றிக் கொழுவிவிட்டாராம். யார் முதலில் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. விசாரிக்க வந்தவர்கள் என்னைக் கேட்டபோது, "துணியைக் கட்டினவர்தான் அவிழ்க்க வேணும், அதுதான் இஞ்ச சட்டம்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நாநா என்னைப் பார்த்தார். அடுத்த கிழமை தன் உருளையையும் தூரிகைகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எட்டாம் நாள் எங்கள் சாய்தளத்தின் அடியில் ஒரு மிதப்பு ஒதுங்கியது. பச்சையில் வெள்ளைக் கோடு. காற்று கரைக்கு வீசும் காலம், எதுவும் வரும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் தண்ணீருக்குள் கால் வைக்காமல் நின்றேன். நான் அதைத் தொடும் முன், எங்களிடம் இயந்திரம் திருத்துகிறவர் எடுத்துக் கழுவி, இடப்பக்கத்து முதல் ஆணியில் கொழுவிவிட்டார்.

"ஏன் அதில கொழுவினனீர்?"

"வேற எங்க கொழுவிறது முதலாளி? வந்தது காத்திருக்கிற பக்கம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று முதல் ஒவ்வொரு காலையும் தேத்தண்ணியோடு நின்று, வரிசையில் முதலாவதாக நிற்கும் அதைத் தாண்டி இரண்டாவதை எடுத்தோம். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது கதவில் போய் முட்டும். டொக். கொஞ்சம் பொறுத்து மறுபடி டொக். சுவரில்லாத என் வீட்டின் முன்கதவை யாரோ வெளியில் நின்று தட்டுகிற மாதிரி. பட்டப்பகலில், கிரைண்டர் சத்தத்துக்கு நடுவிலும் எனக்கு அது கேட்கும். பழைய கதவை மகள் களஞ்சிய அறைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்த பிறகும் கேட்கிறது. திரையில் மின்னும் பெட்டிக்குச் சத்தமில்லை. அதைப் பார்த்தாலும் கேட்கிறது.

பயிற்சியாளர் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நாளில், புதிய கொட்டகை திறப்பதற்கு ஒரு சிறு புத்தகம் அடிக்கப் போவதாக மகள் சொன்னாள். வேலைத்தளத்தின் கதை; படகுக்காரர் எல்லோருக்கும் கொடுக்கப்படும். வரைவை வாசித்துக் காட்டினாள். "பயிற்சியாளரின் வழிகாட்டலில் காட்சிப் பலகை முறை அறிமுகப்படுத்தப்பட்டது" என்று ஒரு வரி. எனக்கு இரத்தம் கொதித்தது.

"அறிமுகமோ? ஆர் ஆருக்கு அறிமுகம்? அந்தாள் பிறந்து பால் குடிக்கேக்க நான் நாலு ஆணி அடிச்சனான்!"

"அப்பா, கத்தாதேங்கோ. மாத்தலாம். உங்கட படத்தைத்தான் முதல் பக்கத்தில போடுறன், பாருங்கோ."

படத்தைக் காட்டினாள். அந்த வெள்ளிக்கிழமை எடுத்த படம். வெள்ளைச் சேட்டோடு நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் கதவு. நடுவில் நாலு ஆணி, நாலு மிதப்பு, கச்சிதமாக. என் தோளுக்கு வலப்பக்கம் பச்சையில் வெள்ளைக் கோடு. அந்த நேரத்தில் அந்தப் படகுக்காரர் சாம்பல்தீவில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். திருப்பி வைக்க இன்னும் நேரம் இருந்தது.

மறுநாள் பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். நாநா பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு தகரப் பந்தலுக்குக் கீழே, வெடித்த ஃபைபர் தண்ணீர்த் தாங்கிகளை ஒட்டிக்கொடுத்து வாழ்கிறார். படகு ஒன்றும் அவரிடம் வருவதில்லை. ஒரு தாங்கிக்குள் தலையை விட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். வெளியே எடுத்துப் பார்த்தார். தாடி முழுக்க வெள்ளை.

"என்ன முதலாளி, தாங்கி வெடிச்சிட்டா?"

"இல்லை நாநா."

"அப்ப இரிங்க. அந்தக் கதிரையில இரிக்காதீங்க. கால் ஒடஞ்சி இப்பத்தான் ஒட்டினன். இன்னும் காயல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போனது. நின்றுகொண்டே சொன்னேன்.

"நாநா, அந்தப் பச்சை மிதப்பை மாத்தினது..."

"தெரியும்."

"எப்பிடி?"

"துணி கதவுக்குக் கீழ கிடந்திச்சி. நான் போட்ட ரெட்டை முடிச்சு அப்பிடியே இருந்திச்சி. நடுவால வெட்டி. அங்க வேலை செஞ்ச ஆக்கள்ல சட்டைப் பைக்குள்ள கத்தி வச்சித் திரிஞ்சவர் ஆரு?"

கை என்னை அறியாமல் பைக்குப் போனது. கத்தி அங்கேதான் இருந்தது.

"தெரிஞ்சும் ஏன் நாநா சொல்லேல்லை?"

"நீங்க செல்லுவீங்க எண்டு பாத்தன். ஒரு கிழமை பாத்தன். ஒரு மாசம் பாத்தன். பொறகு பாக்கிறத விட்டுட்டன்." பசை பூசிய கையைத் துணியில் துடைத்தார். "நான் செல்லியிருந்தா ஆரு நம்புவாங்க? கடல்ல போனவர்ட பொஞ்சாதி சந்தையில என்னக் கண்டா மொகத்தத் திருப்பிக்குவா. ஜும்மாக்கு ஓடினவன் ஆளக் கொண்டுட்டான் எண்டு கதை. என்ன மட்டுமா செல்லினாங்க? தொழுகையையும் சேத்துத்தானே செல்லினாங்க."

கத்தியை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

"இப்ப நான் என்ன செய்ய வேணும், சொல்லுங்கோ."

அவர் தாங்கியின் வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒட்டுறதெண்டா உள்ளால ஒட்டுங்க முதலாளி. மேலால ஒரு பூச்சுப் பூசிட்டுப் போறதெண்டா வராதீங்க."

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புத்தக வரைவைக் கையில் எடுத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பலகை உங்கட எண்டு போடுறன், அப்பா. உங்கட பேரைப் பெரிசாப் போடுறன். மற்றதை விடுங்கோ."

"ஏலாது பிள்ளை."

"அந்தக் குடும்பமும் வாசிக்கும் அப்பா."

"அதுக்குத்தான்."

"கதவைப் பாத்துப் படகெடுக்கிற சனம், பிறகு எங்களை நம்புமோ?"

அதுதான் நான் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். அவள் வாயிலிருந்து வந்தபோது எவ்வளவு மெலிந்து கிடந்தது! நாநாவை நம்பாமல் விட்ட சனம் அது. அவரை நம்பவேண்டிய இடத்தில் என்னை நம்பிக்கொண்டிருக்கிறது.

அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. புத்தகம் அச்சுக்குப் போகவில்லை. அதனால்தான் என் கோணல் எழுத்தில் இதை நானே எழுதுகிறேன். பிழை திருத்துகிறவர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தட்டும்.

என் பங்கை ஒளிக்காமல் போடுங்கள். அந்தக் கதவு என்னுடையது. மூன்று பகுதியும், நாலு ஆணியும், சிவப்புத் துணியும், நின்றுகொண்டு குடிக்கிற பிளேன்டீயும் நான் கண்டுபிடித்தவை. அதற்கு ஜப்பான்காரன் பேரும் வேண்டாம், கொழும்புக்காரர் பேரும் வேண்டாம். அந்த வெள்ளிக்கிழமை துணியை வெட்டியதும் நான், பச்சை மிதப்பை வலப்பக்கம் கொழுவியதும் நான், கேட்டபோது வாயை மூடிக்கொண்டதும் நான். நாநாவின் கை அதில் படவேயில்லை. அவர் கட்டிய முடிச்சு சரியாக இருந்தது. அந்தப் படத்தை முதல் பக்கத்திலேயே போடுங்கள். மிதப்பு எந்த ஆணியில் தொங்குகிறது, அதை அங்கே யார் வைத்தது என்று அதன் கீழே எழுதுங்கள். இரண்டையும் போடுங்கள், இல்லையென்றால் ஒன்றையும் போட வேண்டாம். இடம் போதாதென்றால் கதவின் பெருமையைப் பின்னுக்குத் தள்ளி, மிதப்பை முதலில் எழுதுங்கள். வரிசையில் அதுதான் முன்னால் நிற்கிறது.